தெரிந்தால்தான் எய்யலாம்: ‘விசிபிலிட்டி ரிக்வயர்மென்ட்’

கட்டம் கட்டமாகப் பிரித்த போர்க்களம். உங்கள் வில்வீரன் தூணை ஒட்டி நிற்கிறான். எதிரி ஐந்து கட்டம் தள்ளி இருக்கிறான். அம்போ ஏழு கட்டம் பாயும். ஆனாலும் ‘எய்’ பொத்தான் மங்கிக் கிடக்கிறது. காரணம், தூண் மறைக்கிறது. இலக்கு கண்ணில் பட்டால்தான் செயல் செல்லுபடியாகும் என்ற இந்த விதிக்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர்தான் விசிபிலிட்டி ரிக்வயர்மென்ட்.

‘விசிபிலிட்டி’யின் வேர் லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் ‘விடேரே’. வீடியோவும் விசாவும் அதே வீட்டுப் பிள்ளைகள். ‘ரிக்வயர்மென்ட்’ தேடுவதையும் கேட்பதையும் குறிக்கும் ‘க்வேரெரே’ வழியில் வந்தது.

சொல் புதிதாகத் தோன்றினாலும் விதி பழையது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் செப்பனிட்டுத் தந்த ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் நடுவர் ஒருவர் உண்டு. ஓர் அணியின் படை எதிரணியின் பார்வைக்கு எட்டினால்தான் அதற்கான கட்டையை வரைபடத்தில் வைப்பார். இன்று கணினி செய்வது அந்த நடுவரின் வேலையைத்தான்.

1995-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 2’ என்ற கணினி விளையாட்டு இந்த விதிக்கு ஒரு முகம் கொடுத்தது. நீங்கள் கால் வைக்காத நிலம் கறுப்பு. போய் வந்த நிலம் மங்கலாக இருக்கும்: மலையும் ஆறும் தெரியும், அங்கே இப்போது யார் நடமாடுகிறார்கள் என்பது தெரியாது. உங்கள் ஆள் நிற்கும் சுற்றுவட்டாரம் மட்டும் பளிச்சென்று இருக்கும். ‘ஃபாக் ஆஃப் வார்’ என்று இதற்குப் பெயர். தமிழில் ‘போர்மூட்டம்’ என்றால் போதும். இந்த மூன்று நிலைகளை விளக்க மற்ற மொழிக்காரர்கள் பத்தி பத்தியாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு ‘தெரி’ என்ற ஒரே வினை போதும். கண்ணுக்குப் புலனாவதும் தெரிவதுதான், அறிவதும் தெரிவதுதான். தெரியாத இடம், தெரிந்த இடம், தெரிகிற இடம். முடிந்தது.

அப்படியிருக்க, சிலர் விசிபிலிட்டி ரிக்வயர்மென்ட்டைத் ‘தெரிவுநிலைத் தேவை’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தெரிவு என்றால் தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள் உண்டு; எந்த ஆயுதத்தைத் தெரிவு செய்வது என்று வாசகர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். ‘பார்வைத்திறன்’ பார்ப்பவருடைய கண்ணைப் பற்றியது. இங்கே பேச்சு, பார்க்கப்படும் பொருளைப் பற்றி. ‘கண்படு விதி’ என்று சுருக்க ஆசை வந்தது. ஆனால் பழந்தமிழில் கண்படுதல் உறங்குதல், பேச்சுவழக்கில் திருஷ்டி. இரண்டும் வில்வீரனுக்கு ஆகாது. என் தேர்வு ‘புலப்பாட்டு நிபந்தனை’. புலப்படுவது பொருள்; அது புலப்படாவிட்டால் செயல் இல்லை என்பதை ‘நிபந்தனை’ என்ற சொல் சொல்லிவிடுகிறது. ‘தேவை’யில் அந்தக் கண்டிப்பு இல்லை.

இதோடு ஒட்டி வரும் ‘லைன் ஆஃப் சைட்’டுக்குப் பார்வைக்கோடு பொருத்தமான சொல். நிபந்தனை நிறைவேறியதா என்று சோதிக்கும் கருவி அது. சோதனை தோன்றுகிற அளவுக்கு எளிதில்லை. எதிரி உங்களிடமிருந்து இரண்டு கட்டம் வலப்பக்கம், ஒரு கட்டம் மேலே நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து நடுவுக்குக் கோடு போட்டால், இடையில் அது மேல்கட்டமும் கீழ்க்கட்டமும் சந்திக்கும் விளிம்பிலேயே விழும். ஐபிஎம்மில் பிரெசன்ஹாம் 1962-இல் உருவாக்கிய கோடு வரையும் முறை இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். உங்களிடமிருந்து புறப்பட்டால் மேல்கட்டம், அவனிடமிருந்து புறப்பட்டால் கீழ்க்கட்டம் என்று வந்துவிடலாம். மேல்கட்டத்தில் தூண் இருந்தால் அவன் உங்களைப் பார்க்கிறான், நீங்கள் அவனைப் பார்க்க முடியாது. ஆடுபவர் இதை மோசடி என்றே நினைப்பார்; அவர்மேல் தப்பில்லை. இரு திசைக்கும் ஒரே விடை வரும்படி முறையைத் திருத்துவது வடிவமைப்பாளரின் கடமை.

புலப்படுவதும் எட்டுவதும் வேறு. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்பவன் புலப்படுகிறான், அம்பு அவனை எட்டாது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு (2000) இவற்றுக்கு இரண்டு தனிக் கோடுகளை வைத்திருக்கிறது.

இன்னொரு குழப்பம்: இதே ஆங்கிலத் தொடர் தலைகீழாகவும் பயன்படுகிறது. ஒரு பொத்தானோ பணியோ திரையில் தோன்றுவதற்கு முன்பு நிறைவேற வேண்டிய நிபந்தனையையும் அப்படியே சொல்கிறார்கள். ‘எ டார்க் ரூம்’ (2013) என்ற கணினி விளையாட்டு தொடங்கும்போது நெருப்பு மூட்டும் பொத்தான் ஒன்றுதான் இருக்கும். மற்றவை ஆட ஆடத்தான் முளைக்கும். அதற்குத் ‘தோன்றல் நிபந்தனை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, தெரிந்தால்தான் செய்யலாம். இரண்டாவது, செய்தால்தான் தெரியும்.