கட்டுமானத் தொழிலாளருக்கு மனநலச் சட்டம் தரும் உரிமைகள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் உயிரிழந்த 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். கட்டுமானத் தொழிலாளரை இக்கணக்கு தனியே பிரித்துக் காட்டுவதில்லை; ஆனால் அன்றாடக் கூலிக்குச் செல்லும் கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுபவரும் இந்தப் பிரிவுக்குள்தான் வருவார்கள். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம், மழைக்காலத்தில் நின்றுபோகும் வேலை, குடும்பத்தை ஊரில் விட்டுத் தகரக் கொட்டகையில் தங்கும் நிலை, உடல்வலிக்கென்று தொடங்கிப் பழக்கமாகிவிடும் மது என நெருக்கடிகள் பல சேர்ந்து அழுத்தும் இத்தொழிலில் இருப்போர், மனநலச் சிகிச்சை தங்களுக்குச் சட்டப்படி உரியது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சேவை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை முற்றிலும் இலவசம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்பவர்களிடம் பல நேரங்களில் அட்டை இருக்காது என்பதால், சட்டத்தின் இந்த ஒரு வரி அவர்களுக்கு மிகவும் முக்கியமானது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேல்நிலை மருத்துவமனைகள் வரை கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அணுகலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் மீது வழக்கு வரும் என்ற அச்சத்தால், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவே உடன் வேலை செய்பவர்கள் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 115-ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. பொது ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்கும் அல்லது கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் தனிக் குற்றமாக உள்ளது. மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் தந்தாலும், அது நோயாளியைத் தண்டிப்பதற்கான நடவடிக்கை ஆகாது.

சிகிச்சைக்குப் போனால் மேஸ்திரிக்குத் தெரிந்து வேலை போய்விடும் என்பது அடுத்த அச்சம். சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்க மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தானே விரும்பி உள்நோயாளியாகச் சேர்ந்தவர், வெளியேற வேண்டும் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை மட்டும் தடுத்து வைக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே பேசித் தெளிய விரும்புபவர், 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான இது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. இந்தி, வங்காளம், ஒடியா உள்ளிட்ட மொழிகளிலும் டெலி மானஸ் சேவை கிடைப்பதால், வடமாநிலத் தொழிலாளர் தங்கும் இடங்களில் இந்த எண்ணை அவரவர் மொழியில் எழுதி ஒட்டுவது பயன் தரும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 108-ஐ அழைத்து, உதவி வரும்வரை அவரைத் தனியே விடாமல் உடனிருக்க வேண்டும்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வாரியம் தரும் உதவிகள், கடன் பெருகாமல் தடுப்பதன் வழியாக மனச்சுமையையும் ஓரளவு குறைக்கும். ஆனால் இலவச சிகிச்சைக்கு ஒரு நாள் செலவிட்டால் அன்றைய கூலி போய்விடுகிறது. தொடர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஒருவருக்கு இந்த இழப்பே பெரிய தடையாகிறது என்பதால், இதற்கு ஈடு கேட்டுத் தொழிற்சங்கங்கள் வாரியத்தை வலியுறுத்துவது நியாயமானது.