ஜெராய் மலையடிவாரத்தில் வால்வு டியூனர்

எஃப்எம் ரேடியோ பிடிக்கும் பழைய வால்வு டியூனர் (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குமிழ்) ஒன்று வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங், செமிலிங், குருன் பக்கம் என்றால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். பீடோங் கடைத்தெருவில் நின்று வடமேற்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும். உயரம் சுமார் 1200 மீட்டர். கடல் கடந்து கடாரத்துக்கு வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளமாம். இப்போது அதன் உச்சியில் வானொலிக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரத்துக்கும் செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், குறுக்கே பெரிய தடை எதுவும் இல்லை. வால்வு டியூனர் தன் முழுத் திறமையையும் காட்டுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

டியூனர் என்பது ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் இல்லாத ரேடியோ. காற்றில் வரும் அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்து, வீட்டு ஆம்பிளிஃபயருக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் லீக் டிரஃப்லைன், அமெரிக்காவில் ஃபிஷர், ஸ்காட், மெக்கின்டாஷ், மராண்ட்ஸ் 10பி என்று இதற்காகவே பெரும் உழைப்பைக் கொட்டினார்கள். அந்தக் காலத்தில் நம் தோட்டத்து லயங்களில் தமிழ் நிகழ்ச்சி கேட்டதெல்லாம் மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும்தான். மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் பாட்டு முழுக்க ‘படபட’ சத்தம்.

அதற்குக் காரணம் உண்டு. மீடியம் வேவில் அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் பாட்டு. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் மாற்றுகிறது, எனவே இரண்டையும் பிரிக்க முடிவதில்லை. எஃப்எம்மில் பாட்டு இருப்பது உயரத்தில் அல்ல, அதிர்வெண்ணில். நிலையத்தின் அதிர்வெண் பாட்டுக்கேற்ப இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடுகிறது. டியூனருக்குள் ‘லிமிட்டர்’ என்றொரு வால்வு இருக்கிறது. மானேஜர் பங்களாவின் வேலிச்செடியை ஒரே மட்டத்தில் கத்தரிப்பதைப் போல, அது அலையின் தலையை வெட்டிச் சமமாக்கிவிடும். மின்னல் சேர்த்த உயரம் அதோடு போய்விடும், அதிர்வெண்ணில் இருக்கும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இந்த அகல எஃப்எம் முறைக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். எந்த நிலையத்தையும் ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும் சூப்பர்ஹெட்டரோடைன் சுற்றை, பிறகு வந்த பெரும்பாலான ரேடியோக்கள் பயன்படுத்திய அதே சுற்றை, 1918இல் உருவாக்கியவரும் அவர்தான்.

வால்வுக்குள் நடப்பது எளிமையானது. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் 6.3 வோல்ட்டில் ஒரு ஹீட்டர் சிவக்கிறது. அதைச் சுற்றியுள்ள கேத்தோடு சூடாகி எலக்ட்ரான்களை வெளியேற்றும். 200 வோல்ட்டுக்கு மேல் உள்ள தகடு அவற்றை இழுக்கும். நடுவே மெல்லிய கம்பியாலான கிரிட். ஆன்டெனாவிலிருந்து வரும் சின்னஞ்சிறு மின்னழுத்தம் கிரிட்டை அடைந்து, தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அவ்வளவுதான்.

இனி ஜெராய் விஷயத்துக்கு வருவோம். மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் சிக்னல் பலவீனம் ஒரு பிரச்சினையே அல்ல. பலம்தான் பிரச்சினை. பல நிலையங்கள் ஒரே நேரத்தில் முழு வலுவோடு டியூனரின் முதல் கட்டத்துக்குள் வந்து மோதும். ஆரம்பகால டிரான்சிஸ்டரின் உள்வாயிலில் சில பத்து மில்லிவோல்ட் தாண்டினாலே அலையின் வடிவம் கோணத் தொடங்கிவிடும். கோணினால் நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கும். 98 மெகாஹெர்ட்ஸிலும் 99இலும் இரண்டு பலமான நிலையங்கள் இருந்தால், 97இலும் 100இலும் இல்லாத நிலையங்கள் ஆவி போல முளைக்கும். அந்த வேலைக்கென்றே செய்த இசிசி85 போன்ற வால்வுக்கு கிரிட்டில் சுமார் 2 வோல்ட் எதிர்மின்னழுத்தம் (பயாஸ்) நிலையாகக் கொடுத்திருப்பார்கள், அதனால் அது அத்தனை சுலபத்தில் கோணாது. பின்னால் வந்த நல்ல எஃப்இடி டிரான்சிஸ்டர்கள் இந்தக் குறையைச் சரிசெய்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் வடிகட்டி. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் டியூனர் அதைப் பெரும்பாலும் 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, அங்கே வைத்துத்தான் அக்கம்பக்கத்து நிலையங்களை ஒதுக்குகிறது. வால்வு டியூனரில் இந்த வேலையைச் செய்வது உள்ளே செப்புக் கம்பிச் சுருள் வைத்த சின்ன அலுமினிய டப்பாக்கள். அவற்றின் வடிகட்டல் அகலமானது, ஓரங்கள் மெல்லச் சரியும். பாட்டின் மேல்சுருதியும் கீழ்சுருதியும் ஏறக்குறைய ஒரே தாமதத்தோடு வெளியே வருவதால் ஒலி கலங்குவதில்லை. பிற்கால மலிவு ரேடியோக்களின் குறுகலான செராமிக் வடிகட்டி பக்கத்து நிலையத்தை நன்றாகவே ஒதுக்கும், ஆனால் 75 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்தின் ஓரங்களையும் கொஞ்சம் நசுக்கிவிடும். தூரத்து நிலையத்தைத் துழாவிப் பிடிக்க வேண்டியவருக்கு அகல வடிகட்டி ஒரு குறைதான். கண்ணெதிரே கோபுரம் இருப்பவருக்கு அது வரம். ‘வால்வு ஒலி’ என்று பலரும் சிலாகிப்பதில் பெரும்பங்கு இந்த டப்பாக்களைச் சேர்ந்தது என்பது என் கருத்து. கண்ணாடிக் குமிழுக்குக் கொடுக்கும் புகழில் கொஞ்சத்தை இவற்றுக்கும் கொடுக்கலாம்.

எஃப்எம்மில் வருவது 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். நிலையம் அனுப்பாததை எந்த டியூனரும் தராது. அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோ வந்தது 1961இல், அதனால் அதற்கு முந்தைய டியூனர்கள் எல்லாம் மோனோதான். அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டுகள் மோனோவில்தான் பதிவாயின. மோனோவில் இரைச்சலும் குறைவு.

சிக்னல் எவ்வளவு வருகிறது என்று காட்ட பல டியூனர்களில் ‘மேஜிக் ஐ’ வால்வு இருக்கும். இஎம்84 என்றால் நீளவாக்கில் ஒரு பச்சைப் பட்டை. எலக்ட்ரான் பட்டு ஒளிரும் பூச்சு அது. நிலையத்தைத் தேடும் திருகைத் திருப்பத் திருப்ப இரு ஓரத்திலிருந்தும் பச்சை நடுவை நோக்கி நகரும், நடுவிலுள்ள இருட்டு சுருங்கும். இருட்டு மிகக் குறுகும் இடமே சரியான இடம். சுவிட்சைப் போட்டவுடன் அளவு பார்க்காதீர்கள். உள்ளே சூடேற ஏற அதிர்வெண் நகரும். 108 மெகாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே நிலையம் 100 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். கால் மணி நேரம் பொறுங்கள்.

வாங்கும்போது வால்வின் தலையைப் பாருங்கள். உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு, எஞ்சிய காற்றை உறிஞ்சும் பேரியம். அது பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு போயிற்று. நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய மெழுகுக் காகித கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைக் கசியவிடும். கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறி, ஒலி கரகரக்கும், வால்வும் கெடும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். பழகிய கையிடம் கொடுப்பதே நல்லது.

பிரிட்டிஷ் டியூனர் நம் மின்சாரத்துக்கு அப்படியே பொருந்தும், ஆனால் சில பழையவற்றின் டயல் 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பார்த்து வாங்குங்கள். அமெரிக்க டியூனருக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அப்புறம் பலர் கவனிக்காத ஒன்று. நிலையங்கள் இரைச்சலைக் குறைக்க உயர் சுருதிகளைத் தூக்கி அனுப்பும், டியூனர் அதே அளவு இறக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோசெகண்ட், நம்மிடம் 50. மாற்றாமல் விட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கி, நாதஸ்வரத்தோடு வரும் கைத்தாளம் மங்கிக் கேட்கும். 75 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 1000 பிகோஃபேரட் கெப்பாசிட்டர் இருந்தால், அதை எடுத்துவிட்டு 680 வைத்தால் 51 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். சில காசு கெப்பாசிட்டர்தான், தாளத்தின் ‘ஜிங்’ திரும்பி வந்துவிடும்.