பிளேடுக்கும் ஒரு நூல் விடுங்கள்

போன வாரம் ஒரு பையன் வலது கையில் பெரிய கட்டோடு கடைக்கு வந்தான். பத்து நாள் முன்னால் எங்களிடம்தான் 18 மில்லி பிளைவுட்டில் மூன்று பலகை அறுத்துக்கொண்டு போனவன். பழைய வீடு, சுவரிலேயே அலமாரி, அதற்குத் தட்டு. மூன்று அடி கேட்டான், மூன்று அடி, அதாவது 914 மில்லி, பிசகாமல் கொடுத்தோம். வீட்டில் வைத்துப் பார்த்தால் அலமாரி வாசலில் நுழைகிறது, உள்ளே போகப் போகச் சிக்குகிறது. கொஞ்சூண்டுதானே என்று பக்கத்துத் தெரு வெல்டரிடம் இரும்பு தேய்க்கிற கிரைண்டரை இரவல் வாங்கி, அதில் மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டி... மிச்சத்தை நான் எழுத வேண்டாம். ஆள்காட்டி விரலில் நரம்பைத் தைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த வருஷம் இது மூன்றாவது கை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மதுரையில் இருபது வருஷமாக பிளைவுட் அறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. ஆசாரிகள் வந்தால் தொந்தரவே இல்லை, துண்டுச் சீட்டை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கொலுப்படி, மீன் தொட்டி ஸ்டாண்டு, ஸ்பீக்கர் பெட்டி, புறாக் கூண்டு என்று ஆசைக்குச் செய்கிறவர்கள் வரும்போதுதான் தலைவலி. ஆசையைக் குறை சொல்லவில்லை. அளவைத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலான சண்டை ஒரு நூலில் வருகிறது. தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் என்பது மூன்று மில்லிக்குச் சற்று மேல். எங்கள் மெஷின் பிளேடு ஒவ்வொரு தடவை மரத்துக்குள் போய் வரும்போதும் கிட்டத்தட்ட அந்த ஒரு நூலைத் தின்றுவிடும். கத்தியால் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி பிளேடு மரத்தைப் பிளப்பதில்லை, அரைத்துத் தூளாக்கிக்கொண்டே போகிறது. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

"அண்ணே, நாலடி அகல ஷீட்டு, ஒரு அடியா நாலு துண்டு போடுங்க." இந்த வரியை நவராத்திரிக்கு முந்தின வாரத்தில் தினம் நாலு பேர் சொல்வார்கள். போடலாம், ஆனால் வராது. எப்படி வராது என்பதை ஒரே ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிடுங்கள். எட்டுக்கு நாலு ஷீட் என்பது மில்லியில் 2440க்கு 1220. நாலு துண்டுக்கு மூன்று வெட்டு, வெட்டுக்கு மூன்று மில்லி, மொத்தம் ஒன்பது போச்சு. மிச்சம் 1211, நாலால் வகுத்தால் 302.75. ஒரு அடி என்பது 304.8. ஆக ஒவ்வொன்றும் இரண்டு மில்லி குறையும். இல்லை, எனக்கு முழு அடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முதல் மூன்று துண்டும் முழு அடி வரும், நாலாவது 297கூட வராது. உடனே, "என்னண்ணே, கடைசித் துண்டுல அடிச்சிட்டீங்களே!" அடித்தது நான் இல்லை. காணாமல் போனது மெஷினுக்கு அடியில் தூளாகக் குவிந்து கிடக்கிறது, வேண்டுமானால் அள்ளிக்கொண்டு போகலாம். நகைக் கடையில் சேதாரம் என்று சொன்னால் வாயே திறக்காமல் பணம் கட்டுகிற ஊர் இது. தங்கத்துக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?

துண்டு சின்னதாக ஆக ஆகச் சேதாரம் கூடும். 25 மில்லி பட்டியாகக் கிழித்துக் கொடுங்கள் என்பார்கள். 1220 அகலத்தில் காகிதக் கணக்கு 48, கைக்கு வருவது 43. இதோடு இன்னொன்று. ஷீட்டின் ஓரம் கம்பெனியிலிருந்து வரும்போதே நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். லாரியில் இடிபட்டு மூலை நசுங்கியிருக்கும், சிலது மூலைமட்டத்தில் நிற்காது. முதலில் ஓரம் எடுத்து நேராக்க ஐந்து மில்லியாவது போகும். எனவே அடி வேண்டாம், 300 என்று எழுதுங்கள். நாலு 300, மூன்று வெட்டு, ஓரம் எடுக்கப் பதினொரு மில்லி மிச்சம். எல்லாம் ஒரே அளவில் நிம்மதியாக வரும். கொலுப் பொம்மைக்கு நாலே முக்கால் மில்லி குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மில்லியில் எழுதச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. சீட்டில் 2.5 என்று இருக்கிறது. இரண்டரை அடியா, இரண்டு அடி ஐந்து அங்குலமா? முன்னது 30 அங்குலம், பின்னது 29. எழுதினவரைக் கேட்டால், "அதான் எழுதியிருக்கேனே" என்கிறார். வீட்டுக்கு போன் போட்டால் அந்த அம்மா மூன்றாவதாக ஓர் அளவு சொல்கிறார்.

கனத்திலும் இதே கதைதான். 18 மில்லி என்று சீல் அடித்திருந்தாலும் கனம் அளக்கிற வெர்னியர் வைத்தால் 17 சொச்சம் காட்டுகிற பலகை நிறைய வருகிறது. பெட்டி செய்கிறவர்கள் வெளி அளவில் இரண்டு பக்கப் பலகையின் கனத்தைக் கழித்துத்தான் உள்தட்டு அளவு எழுத வேண்டும், இதையே பாதிப் பேர் மறக்கிறார்கள். கழிக்கும்போதும் சீலில் இருக்கிற எண்ணைக் கழிக்காமல் வாங்கின பலகையை அளந்து கழியுங்கள். ஆக, பலகை வாங்குவது முதலில், சீட்டு எழுதுவது அப்புறம். பலகையின் மேல்முகத்து மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். தட்டின் நீளவாக்கில் ஓடினால்தான் பாரம் தாங்கும். டேப் முனையில் இருக்கிற கொக்கி ஆடுகிறது என்று சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஐயா, அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் கனத்தைச் சரிக்கட்டத்தான் அந்த ஆட்டம்.

சுவருக்குள் வைக்கிற தட்டு என்றால் முன்னால், நடுவில், உள்ளே என்று மூன்று இடத்தில் அளங்கள். பூச்சு வேலை செய்த எந்தச் சுவரும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. மூன்றில் எது சின்னதோ அதில் இன்னொரு நூலைக் கழித்துச் சொல்லுங்கள். அந்தப் பையன் வாசலில் மட்டும் அளந்தான். நானாவது கேட்டிருக்கலாம், கூட்டத்தில் கேட்கவில்லை, அது என் தப்பு.

சரி, தப்பாகிவிட்டது, பலகை சிக்குகிறது. என்ன செய்யலாம்? கிரைண்டரைத் தொடாதீர்கள். நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். இரும்பையும் கல்லையும் தேய்க்க வந்த மெஷின் அது. அதில் பல் பிளேடை மாட்டினால் பல் மரத்தில் மாட்டிக்கொண்ட அடுத்த நொடி மெஷின் உங்கள் பக்கம் துள்ளும். பிளேடு உள்ளே போகவில்லை என்று கவரையும் கழற்றிவிடுகிறார்கள்! கடையில் அந்த பிளேடு விற்கிறதே என்பீர்கள். விற்கத்தான் செய்கிறது, விற்கிறவர் விரலா போகிறது? பாதுகாப்புக்கென்று துணிக் கிளவுஸ் வேறு. சுற்றுகிற பிளேடில் நூல் சிக்கினால் கிளவுஸோடு கையையும் உள்ளே இழுத்துவிடும். இரண்டு மில்லி எடுக்க இழைப்புளி போதும். அது இல்லையென்றால் ஒரு கட்டையில் 60 நம்பர் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள், அரை மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், முக்கியமாக மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் கடைப் பையன்களுக்கே இதைச் சொல்லி மாளவில்லை.

இல்லாவிட்டால் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களிடமே வாருங்கள். தயவுசெய்து வாருங்கள். நாங்கள் அறுத்த பலகையில் ஒரு நூல் எடுத்துக் கொடுக்க ஒரு நாளும் காசு வாங்கினதில்லை, உங்கள் ஊரிலும் அறுக்கிறவர் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் வைத்து முயற்சி செய்வதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

அந்தப் பையன் இந்தத் தடவை ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் இடது கையால் கோணல் மாணலாக மூன்று எண் எழுதி வந்திருந்தான். 914, 911, 908. நான் 905 வைத்தேன். மூன்று பலகைக்கும் சேர்த்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.