கைட்டினேஸ்: பூஞ்சையின் சட்டையைக் கிழிக்கும் நொதி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காளானைத் தெரியும். மரத்தடியில் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும். மேலே வார்னிஷ் பூசிய மாதிரி செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. கானோடெர்மா என்ற பூஞ்சை அது. கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே தண்டு அழுகிப்போயிருக்கும்.

இதுபோன்ற பூஞ்சைகளை அடக்கும் பேச்சில் இப்போது ‘கைட்டினேஸ்’ அடிபடுகிறது. கடையில் கேட்டால் ‘என்சைம் மருந்து’ என்கிறார்கள். அந்த ‘மருந்து’ எனக்கு உறுத்துகிறது. தெளிப்பதெல்லாம் நமக்கு மருந்துதான், சரி. ஆனால் இது நஞ்சு வைத்துக் கொல்வதில்லை.

கிரேக்க மொழியில் ‘கிட்டோன்’ என்றால் உடம்பை மூடும் சட்டை. 1811-இல் பிரக்கோனோ என்ற பிரெஞ்சு அறிஞர் காளானில் ஒரு பொருளைக் கண்டார். 1823-இல் ஓடியே என்ற இன்னொரு அறிஞர் பூச்சியின் ஓட்டிலிருந்து எடுத்ததற்குக் கைட்டின் என்று பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றுதான். இறாலை உரிக்கும்போது கையில் மொடமொடவென்று வருகிறதே, அந்தத் தோலிலும் இருப்பது அதுவே. ‘ஏஸ்’ என்ற வால், 1833-இல் பெயர் பெற்ற டயஸ்டேஸ் என்ற நொதியிலிருந்து வந்தது.

என்சைம் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘புளிப்புக்குள் இருப்பது’ என்று பொருள். தமிழில் கள்ளும் மாவும் நொதிப்பதைப் பார்த்து ‘நொதி’ என்றோம். இலங்கையில் நொதியம். இவ்வளவு பொருத்தமான சொல் இருக்க, என்சைம் எதற்கு? கைட்டினேஸைக் ‘கைட்டின் சிதைநொதி’ என்பேன்.

‘நுண்ணுயிர் மருந்து’ என்பதும் சரியில்லை. நொதிக்கு உயிர் கிடையாது. செராட்டியா, பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் வெளியே சுரக்கும் புரதம் அது. பூஞ்சையின் செல் சுவரில் இருக்கும் கைட்டின் என்பது சர்க்கரை போன்ற கண்ணிகள் கோத்த சங்கிலி. நொதி அதைத் துண்டு துண்டாக நறுக்கும். சுவர் பலவீனமாகி, பூஞ்சை இழையின் நுனி வெடிக்கும். செடியின் சுவர் செல்லுலோஸ் என்ற வேறு பொருள், அதனால் அதற்கு ஆபத்தில்லை. அப்புறம் ஒன்று: டுரியான் மரத்தண்டைப் புண்ணாக்கும் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற கிருமியின் சுவரும் பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கனும்தான். அங்கே இதை மட்டும் நம்பிப் பயனில்லை.

ரப்பர் பாலிலும் ஹெவமைன் என்ற கைட்டின் சிதைநொதி உண்டு. மரம் தன் காயத்துக்குத் தானே வைத்துக்கொண்ட காவல். அம்மா வருடக்கணக்கில் வாளியில் சுமந்த பால் அது.