கட்டணத்தைப் பார்க்கும் முன் தலைமையைப் பாருங்கள்

ஆசிரியரிடமும் வாசகரிடமும் காசு வாங்காத தாவரவியல் ஆய்விதழ் ஒன்றின் பதிப்பாசிரியர் குழுவில் பணியாற்றுகிறேன். ஏமாந்த பிறகு உதவி கேட்டு எழுதுபவர்களின் மின்னஞ்சல்கள் அண்மைக் காலத்தில் கூடிக்கொண்டே போகின்றன. கடைசியாக எழுதியவர் சிங்கப்பூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழ் மாணவி. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த புதிய சிற்றினம் ஒன்றை விவரித்து, சில நாட்களிலேயே ஏற்பு உறுதி என்று அழைத்த ஓர் இணைய இதழுக்குத் தம் உதவித்தொகையிலிருந்து பல நூறு சிங்கப்பூர் வெள்ளி செலுத்தியிருக்கிறார். கட்டுரை ஓர் எழுத்துகூடத் திருத்தப்படாமல் வெளிவந்துவிட்டது. வகைமாதிரி (புதிய பெயருக்கு அடிப்படையான செடி மாதிரி) எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு வரி அதில் விடுபட்டிருந்தது. 1990 ஜனவரி 1 முதல் வெளியாகும் புதிய சிற்றினப் பெயர்களுக்கு அந்த வரி கட்டாயம். அது இல்லையென்றால் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி அந்தப் பெயர் செல்லாது. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டபோது அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் என்று அந்தத் தளத்தில் காட்டப்பட்டிருந்த பேராசிரியருக்கு எழுதிக் கேட்டோம். அப்படியோர் இதழ் இருப்பதே தமக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

எங்களைப் போன்ற இதழ் எதற்கும் ஏன் அனுப்பவில்லை என்று அந்த மாணவியிடம் கேட்டேன். இலவச இதழ் என்றால் தரம் இருக்காது, பணம் வாங்கும் இதழ்தான் ஒழுங்காக நடக்கும் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்களாம். இந்த எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் அது மீண்டும் முளைக்கிறது. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

கட்டணம் இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்று பொருளாகாது. சிராங்கூன் சாலைக் கோயிலில் அன்னதானத்துக்கு அமர்பவரிடம் இலைக்குக் காசு கேட்பதில்லை என்பதால், அரிசி சும்மா வந்தது என்று யாரும் நினைப்பதில்லை. டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த முறையில், செலவை ஒரு தாவரவியல் பூங்காவோ பல்கலைக்கழகமோ கல்விச் சங்கமோ ஏற்கிறது. கட்டுரைகளின் தரத்தைச் சோதிக்கும் மதிப்பாய்வாளர்களும் பெரும்பாலான பதிப்பாசிரியர்களும் ஊதியமின்றி உழைக்கிறார்கள். உலகில் இத்தகைய இதழ்கள் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டுரைக்குக் கட்டுரை பணம் பெறும் இதழுக்கு, ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வருவாய். எங்களுக்கோ அது கூடுதல் வேலை. தகுதியற்ற கட்டுரையை ஏற்பதால் எங்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. கட்டணம் வாங்கும் இதழ்கள் யாவும் போலி என்று நான் சொல்லவரவில்லை. அவற்றிலும் மிகக் கடுமையான மதிப்பாய்வு உள்ளவை பல. கட்டணத்தின் அளவைத் தரத்தின் அளவாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நம் பூமலையின் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின்) ஆய்விதழ், ஹென்றி ரிட்லி அங்கே இயக்குநராக இருந்த காலத்தில், 1891இல் வேளாண்மை இதழாகத் தொடங்கிப் பல பெயர்களைக் கடந்து, இன்று ‘கார்டன்ஸ் புல்லட்டின் சிங்கப்பூர்’ என்ற பெயரில் வருகிறது. தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் வெளிவரும் அதைப் படிக்கச் சந்தா எதுவும் தேவையில்லை. தென்கிழக்கு ஆசியத் தாவரங்களைப் பற்றி எழுதும் எவரும் அதன் பழைய பக்கங்களைப் புரட்டாமல் வேலையை முடிக்க முடியாது. ஐரோப்பாவிலும் இயற்கை வரலாற்று நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து 2011 முதல் ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்சானமி’ என்ற கட்டணமில்லா இதழை நடத்துகின்றன.

இத்தகைய இதழ்களைத் தாங்குவது தலைமைதான். தலைமைப் பதிப்பாசிரியர் பதவியை ஓய்வுக்காலத்தில் தரப்படும் மரியாதையாகப் பலர் நினைக்கிறார்கள். வகைமாதிரி உண்மையில் காப்பகத்தைச் சென்றடைந்ததா, செடியைச் சேகரிக்க முறையான அனுமதி பெறப்பட்டதா, இதே பெயர் வேறொரு தாவரத்துக்கு முன்பே சூட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றை யாராவது பார்த்தாக வேண்டும். மறுக்கும் மதிப்பாய்வாளர்களுக்குப் பின்னும் தளராமல் அடுத்தவரைத் தேட வேண்டும். தம் சொந்தக் கட்டுரையும் தம் மாணவரின் கட்டுரையும் வரும்போது, அவற்றை மற்றொரு பதிப்பாசிரியரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டுக் காலத்தில் நிர்வாகத்தின் முன் அமர்ந்து, வருவாயே இல்லாத ஒன்றுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். தாவர வகைப்பாட்டில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதலாகிறது. ஒரு பெயர் விதிகளின்படி வெளியாகிவிட்டால், கட்டுரை எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதை எளிதில் அழித்துவிட முடியாது; பின்வரும் ஆய்வாளர் ஒவ்வொருவரும் அதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும். 2012 ஜனவரி 1 முதல், ஐஎஸ்எஸ்என் எண் (தொடர் வெளியீடுகளுக்கான பன்னாட்டு அடையாள எண்) உள்ள இணைய வெளியீட்டில் பிடிஎஃப் கோப்பாக வரும் பெயர்களும் ஏற்கப்படுவதால், அச்சகம்கூட இல்லாத போலி இதழும் தாவரப் பெயர்களைக் குழப்பிவிடலாம்.

தலைமையின் பெயரைப் பொய்யாகக் காட்டுவது போலி இதழ்களுக்கு எவ்வளவு எளிது என்பதற்குப் போலந்து ஆய்வாளர்கள் 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையே போதும். தகுதி எதுவுமில்லாத, கற்பனையான ஒரு பெண் ஆய்வாளரின் பெயரில் 360 இதழ்களுக்குப் பதிப்பாசிரியர் பதவி கேட்டு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் அவரை ஏற்றன. குறைந்தது நான்கு, தலைமைப் பதவியையே தந்தன. ஒப்புதலின்றி அறிஞர்களின் பெயர்களைப் பதிப்பாசிரியர்களாகக் காட்டியது, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆய்விதழ்ப் பதிப்பகமான ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2019இல் அந்த வழக்கில் ஐந்து கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது.

எனவே கட்டுரையை அனுப்பும் முன் தலைமைப் பதிப்பாசிரியரின் பெயரைத் தேடுங்கள். அவர் பணியாற்றும் நிறுவனத்தின் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவன முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். உண்மையான பதிப்பாசிரியர் எவரும் இதற்காகக் கோபப்படமாட்டார். கட்டணம் இல்லை என்று சொல்லும் இதழ், செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் எங்குமே இல்லையென்றால் விலகுங்கள். தலைமைப் பதிப்பாசிரியரின் கட்டுரைகளே இதழ் முழுவதும் நிறைந்திருந்தாலும் விலகுங்கள். 2003 முதல் இயங்கும் திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய) இதழ்களின் அடைவில் பெயர் இருப்பது நல்ல தொடக்கம், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மேற்சொன்ன சோதனையில் அந்த அடைவைச் சேர்ந்த இதழ்களில் எட்டும் ஏமாந்தன. பட்டியல்கள் வரும், போகும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, பல தமிழக மாணவர்கள் நம்பியிருந்த தன் இதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டதை மறந்துவிட வேண்டாம்.

ஏற்கெனவே பணம் செலுத்தியவர்கள் தயவுசெய்து வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மேற்கொண்டு ஒரு வெள்ளியும் தராதீர்கள். எல்லாக் கடிதங்களையும் சேமித்து, உங்கள் வழிகாட்டியிடமும் பல்கலைக்கழக நூலகரிடமும் அன்றைக்கே காட்டுங்கள். புதிய சிற்றினப் பெயர் சம்பந்தப்பட்டிருந்தால், அதே கட்டுரையை வேறெங்கும் அனுப்பும் முன் ஒரு வகைப்பாட்டியலாளரைக் கலந்தாலோசியுங்கள். பெயர் செல்லுமா செல்லாதா என்பதைப் பொறுத்தே அடுத்த அடி அமையும்.

மூத்த பேராசிரியர்களிடமும் ஒரு கடுமையான சொல் உண்டு. நடத்தாத இதழுக்குப் பெயரை இரவல் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். உங்கள் பெயரை நம்பித்தான் மாணவர்கள் பணம் கட்டுகிறார்கள். நல்ல இதழுக்குத் தலைமை ஏற்றிருப்பவர்கள், பதவிக்காலத்தை எழுத்தில் வரையறுத்து, அது முடியும் முன்பே துணைப் பதிப்பாசிரியர் ஒருவரைப் பழக்குங்கள். ஒருவரின் உழைப்பிலேயே ஓடும் கட்டணமில்லா இதழ், அவர் ஓய்வு பெற்றதும் ஒரு வெளியீடு தாமதமாகி, பின்னர் ஓர் ஆண்டு தவறி, கடைசியில் நின்றுவிடும். அந்த இடத்துக்கு அழைப்பு வந்தால், நேரமில்லை என்று மறுக்கும் முன் நம் இளைய தாவரவியலாளர்கள் ஒருமுறை யோசியுங்கள். முதல் ஆண்டு துணைப் பொறுப்பில் தொடங்கினாலே போதும்; வேலையைக் கற்றுத்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.