15 இன்ச்சா 17 இன்ச்சா? வீலை எடை மெஷின்ல வச்சுப் பாத்த கதை

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் அவனோட டர்போ ஹேட்ச்பேக்குக்கு 15 இன்ச் வீலை கழட்டிட்டு 17 இன்ச் அலாய் மாட்டணும், கூட வாங்கண்ணான்னு கூப்பிட்டான், டயர் கடைக்குப் போனோம். கழட்டின பழைய வீலை டயரோட தூக்கி அங்க இருந்த எடை மெஷின்ல வச்சோம், பதினஞ்சரை கிலோ. புது அலாய்ல டயர் ஏத்தி வச்சிருந்ததை வச்சோம், பத்தொன்பதரை. ஒரு வீலுக்கு 4 கிலோ, நாலுக்கும் 16 கிலோ. "16 கிலோதானேண்ணா, டிக்கில ஒரு பெட்டி வச்ச மாதிரி"ன்னான். அந்த இடத்துலதான் நிறைய பேர் கணக்கை விட்டுடுறாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

டிக்கில இருக்குற பெட்டி காரோட சேந்து முன்னாடி போகுது, அவ்வளவுதான் அதோட வேலை. வீல் முன்னாடியும் போகணும், சுத்தவும் சுத்தணும், ரெண்டுக்கும் இன்ஜின்தான் சக்தி குடுக்கணும். மையத்துல இருந்து எவ்வளவு தள்ளி எடை இருக்கோ அவ்வளவு சிரமம், அதுவும் தூரத்தோட வர்க்கத்துல ஏறும். ரோட்டைத் தொடுற ட்ரெட்ல 1 கிலோ கூடுனா ஆக்ஸிலரேஷன் கணக்குல அது கிட்டத்தட்ட 2 கிலோ. ரிம் விளிம்புல கூடுனா சுமார் ஒன்றரை கிலோ, ஏன்னா 17 இன்ச் ரிம் விளிம்பு மையத்துல இருந்து 216 மிமீ, டயரோட வெளி ஓரம் சுமார் 308 மிமீ, 0.7 பங்கு, அதோட வர்க்கம் ஏறக்குறைய பாதி. ஆக அவனோட 16 கிலோ, மிதிக்கும்போது 24, 25 கிலோ மாதிரி இன்ஜினுக்குத் தெரியும்.

ஆனா எனக்கு இதைவிட பெருசா படுறது வேற. காரோட பாடி, இன்ஜின், நம்ம எல்லாம் ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கோம், வீல், டயர், பிரேக், வீலை மாட்டுற ஹப் இதெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குது. ரோட்டுல ஒரு மேடு வந்து வீலைத் தூக்கி எறிஞ்சா அதை மறுபடி ரோட்டுக்கு இழுத்துட்டு வர்றது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான், வீல் கனமா இருந்தா கட்டுக்குள்ள கொண்டுவர நேரம் ஆகும், அந்த நேரத்துல ரப்பர் ரோட்டை சரியா அழுத்தாது, அழுத்தாத ரப்பருக்கு கிரிப் கிடையாது. நம்ம ஊர் ரோட்டுல ஒரு வளைவு முழுக்க ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வச்சிருப்பாங்க, அங்க கனமான வீல் போட்ட கார் தத்தித் தத்தி வெளிய ஒதுங்குறதை ஸ்டியரிங்லயே உணரலாம்.

சரி, அகலத்துக்கு வருவோம். அகலமான டயர் போட்டா ரோட்டுல நிறைய ரப்பர் படும்னு எல்லாரும் நம்புறோம், நானும் பல வருஷம் நம்புனேன். ஒரு சின்ன கணக்கு போடுங்க. 1,200 கிலோ கார், ஒரு வீல் மேல 300 கிலோ. காத்து 32 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.25 கிலோ. 300ஐ 2.25ஆல வகுத்தா 133 சதுர சென்டிமீட்டர், உங்க உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு. அந்தக் கணக்குல டயர் அகலம் எங்கயும் வரவே இல்ல பாருங்க. சைட்வால், அதாவது டயரோட பக்கச் சுவர், அதோட விறைப்பு கொஞ்சம் எடையைத் தாங்கும், அதனால இது தோராயம்தான், ஆனா 185 மிமீ அகலம் போட்டாலும் 205 போட்டாலும் அதே காத்து வச்சா தொடுற பரப்பு பெருசா மாறாது. மாறுறது வடிவம். ஒல்லி டயர்ல அந்த உள்ளங்கை முன்னும் பின்னும் நீளமா இருக்கும், அகல டயர்ல குறுக்க படுத்துக்கும்.

வடிவம் மாறுனா என்ன வந்துச்சுன்னு கேக்கலாம். வளைவுல திரும்பும்போது டயர் பாக்குற திசையும் கார் போற திசையும் ஒண்ணா இருக்காது, சில டிகிரி வித்தியாசம் இருக்கும். ட்ரெட்ல இருக்குற ஒவ்வொரு ரப்பர் கட்டையும் முன்பக்கமா ரோட்டைத் தொட்டு ஒட்டிக்குது, வீல் உருள உருள பின்னாடி போகுது, போகப் போக பக்கவாட்டுல இழுபட்டுக்கிட்டே போகுது, ஒரு கட்டத்துக்கு மேல தாங்காம பிடி விட்டு வழுக்குது. தொடுற பரப்பு நீளமா இருந்தா அந்தப் பின்பகுதி சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும். குட்டையா அகலமா இருந்தா, பெரும்பகுதி ரப்பர் இழுபட்டு முடியுறதுக்குள்ளயே ரோட்டை விட்டு எழுந்துடும், அதனால ஸ்டியரிங்கைத் திருப்புன உடனே பதில் வரும், மொத்தப் பிடியும் கூடும். சூடும் அகலமா பரவுறதால தொடர்ந்து விரட்டும்போது டயர் சீக்கிரம் சோர்ந்து போகாது.

மழையில இதே அகலம் எதிரி. அகல டயர் முன்னாடி நிறைய தண்ணியைத் தள்ளணும். தேங்குன தண்ணி மேல டயர் மிதக்குற வேகம் காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்ததுன்னு 1960கள்ல நாசா விமான டயர்களை வச்சு கண்டுபிடிச்சாங்க, அந்தச் சூத்திரத்துல 32 பிஎஸ்ஐ போட்டா சுமார் 94 கிமீ வருது. அது ட்ரெட்டால வெளியேத்த முடியாத அளவு தண்ணிக்கு. ட்ரெட் தேஞ்சு போய் அகலமும் கூடி காத்தும் கம்மியா வச்சிருந்தா நவம்பர் மாசம் சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல 80லயே பயந்து ஓட்டணும்.

இந்த இடத்துல டொயோட்டா ஜிடி86 பத்தி சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 2012ல வந்த பின்சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார், சுபாருவோட சேந்து செஞ்சது, 200 குதிரைத்திறன், சுமார் 1,250 கிலோ. அதுக்கு டொயோட்டா போட்டது 215/45 ஆர்17, அதாவது 215 மிமீ அகலம், அதுவும் சாதாரண மிஷெலின் பிரைமசி, பத்திரிகைக்காரங்க பிரியஸ் (டொயோட்டாவோட ஹைப்ரிட் கார்) டயர்னே அதைச் சொன்னாங்க. காசு மிச்சம் பண்ண இல்ல, வேணும்னே பண்ணாங்க. பிடி கம்மியா இருந்தா கார் 60, 70 வேகத்துலயே எல்லைக்கு வரும், வழுக்குறது மெதுவா சொல்லிட்டு வரும், ஓட்டுறவன் அதைக் கத்துக்கிட்டு விளையாடலாம். அதே கார்ல 245/40 ஆர்17 போட்டா டிராக்ல லேப் டைம் குறையும், ஆனா 200 குதிரையால அந்த டயரை அசைக்க முடியாது, கார் மந்தமாயிட்ட மாதிரி இருக்கும். முன்னாடி 215 விட்டுட்டு பின்னாடி மட்டும் 245 போட்டா இன்னும் மோசம், முன் வீல்தான் முதல்ல விட்டுக்குடுக்கும், திருப்பினாலும் நேரா போற கார் ஆயிடும். டயர் அகலம்னா இன்ஜின் சக்தியோடயும் முன் பின் சமநிலையோடயும் சேத்து எடுக்குற முடிவு.

இப்ப விட்டம். சைஸ் படிக்கிறது சுலபம்: 185/60 ஆர்15ன்னா 185 மிமீ அகலம், சைட்வால் உயரம் அதுல 60 சதவீதம், 111 மிமீ, மேலயும் கீழயும் 222, ரிம் 15 இன்ச் 381 மிமீ, மொத்தம் 603. தம்பி போடப் பாத்தது 205/45 ஆர்17, மொத்தம் 616. ரெண்டு சதவீதத்துக்கு மேல பெருசு. ரோட்டைத் தள்ளுற விசைன்னா ஆக்ஸில் டார்க்கை, அதாவது வீலைச் சுத்துற விசையை, டயரோட ஆரத்தால வகுக்கணும், அப்ப ஒவ்வொரு கியர்லயும் இழுவை ரெண்டு சதவீதம் போச்சு, எடையில போனது தனி. ஸ்பீடோமீட்டரும் முன்ன காட்டுனதை விட கம்மியா காட்டும். 3 சதவீதத்துக்குள்ள இருந்தா பரவால்லன்னு மெக்கானிக்குங்க சொல்வாங்க, ஓடும்தான், ஆனா பெர்ஃபார்மன்ஸ் வேணும்னு காசு செலவு பண்றவன் ஏன் இழுவையை விட்டுக்குடுக்கணும்?

ரிம் அகலமும் ஆஃப்செட்டும்தான் அதிகமா சொதப்புற இடம். ஆஃப்செட்னா ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல உக்கார்ற முகம் எத்தனை மிமீ தள்ளி இருக்குங்குறது. ஜிடி86 ரிம் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 48. அதே 48ல 8 இன்ச் ரிம் போட்டா உள்ள 12.7, வெளிய 12.7 மிமீ நீளும், உள்பக்கம் ஸ்ட்ரட்ல (ஷாக் அப்சார்பர் இருக்குற தூண்) உரசலாம். ஆஃப்செட் 35 எடுத்தா உள்பக்கம் பழைய இடத்துலயே நிக்கும், வெளிய மட்டும் 25 மிமீக்கு மேல தள்ளும். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்டியரிங் திரும்புற அச்சை நேரா கீழ நீட்டுனா ரோட்டைத் தொடுற புள்ளிக்கும் டயர் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிடுது, அதை ஸ்க்ரப் ரேடியஸ்னு சொல்வாங்க. டயர் நடு அந்தப் புள்ளிக்கு வெளிய போகப் போக ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார்னு பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங்கைக் கையில இருந்து பிடுங்கும். 1972ல வந்த ஆடி 80ல அந்தப் புள்ளி டயர் நடுவுக்கு வெளிய விழுற மாதிரி வச்சாங்க, ஒரு பக்கம் மட்டும் பிடிச்சாலும் கார் தானா நேரா நிக்கப் பாக்கும். இவ்வளவு யோசிச்சு வச்ச ஒண்ணைத்தான் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்குற தகடு, அந்த ஸ்பேசரைப் போட்டு ஒரு மதியத்துல கலைச்சுடுறோம்.

ஹப் ஓட்டையும் பாருங்க. வெளிய வாங்குற ரிம்ல ஓட்டை பெருசா இருக்கும், நடுவுல உக்கார ஒரு வளையம் வேணும். அது இல்லாம நட்டை மட்டும் நம்பி முறுக்குனா வீல் துளி விலகி உக்காரும், 90க்கு மேல ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்ஸ் பண்ணாலும் போகாது.

அப்புறம் குழி. 185/60ல சைட்வால் 111 மிமீ, 205/45ல 92. குழியோட விளிம்பு டயரை ரிம்மோட நசுக்கும்போது அந்த 19 மிமீதான் வித்தியாசம், அது இல்லன்னா உள்ள நூல் அறுந்து பக்கத்துல முட்டை மாதிரி வீங்கும், இல்ல ரிம் நெளியும். ஃபார்முலா ஒன்லயே 2021 வரைக்கும் 13 இன்ச் ரிம்தான், உயரமான சைட்வால் பாதி சஸ்பென்ஷன் வேலை பாத்துச்சு. 2022ல 18 இன்ச்சுக்கு மாறினாங்க, காரையே புதுசா வடிவமைச்சுத்தான் மாறினாங்க.

என் முறை இதுதான், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்குற பிரேக் கேலிப்பருக்கு இடம் விடுற சின்ன ரிம்ல ஆரம்பிப்பேன். பசங்க விளையாடுற களிமண்ணைக் கேலிப்பர் மேலயும் ஸ்ட்ரட் பக்கமும் ஒட்டிட்டு வீலை மாட்டி கையால சுத்துனா எத்தனை மிமீ இடைவெளின்னு களிமண்ணே சொல்லிடும். அப்புறம் ரப்பர் நல்லா இருக்குற டயர், கடைசியாத்தான் அகலம். லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண், கம்பெனி குடுத்ததுக்குக் கீழ போகக் கூடாது, அதுல பேரமே இல்ல.

தம்பி அன்னிக்கு 17 வாங்கல. அவனோட பழைய 6 இன்ச் அகல ரிம்லயே 195/55 ஆர்15 நல்ல சாஃப்டான ரப்பரா போட்டோம், லோட் இண்டெக்ஸ் 84க்குப் பதில் 85, விட்டம் 595.5, கியர் சின்னதான மாதிரி இழுவை ஒரு சதவீதம் கூடுச்சு, தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி 4 மிமீ போச்சு. மறுநாள் காலைல டயர் தோள்ல, அதாவது ட்ரெட் முடிஞ்சு சைட்வால் ஆரம்பிக்குற ஓரத்துல, சாக்பீஸால கோடு போட்டு காலி இடத்துல நாலு சுத்து விரட்டுனோம், கோடு சைட்வால் வரைக்கும் அழிஞ்சா காத்து கம்மி, தோள்லயே நின்னா சரி. 30 பிஎஸ்ஐல ஆரம்பிச்சோம், சைட்வால் வரைக்கும் அழிஞ்சுது. முன்னாடி 33, பின்னாடி 31 வச்சதும் கோடு ட்ரெட் ஓரத்துல அழகா நின்னுச்சு. அந்த நம்பரை அவன் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வச்சிருக்கான்.