ஆப்பிள் பை: சர்க்கரைக்கு முன் அடி மாவைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலல் நாள் நெருங்கும்போது உணவு ஆலோசகர்களிடம் தமிழர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: “விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு போகிறோம். என் பங்கு ஆப்பிள் பை. சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போட்டால் உடம்புக்கு நல்லதுதானே?” (ஆப்பிள் பை என்பது மாவு உறைக்குள் ஆப்பிள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் இனிப்பு.)

வெல்லம் போடலாம், ருசியாகவும் இருக்கும். ஆனால் கலோரிக் கணக்கில் அதற்கும் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தேன், மேப்பிள் சிரப், தென்னஞ்சர்க்கரை எல்லாமே அதே வீட்டுப் பிள்ளைகள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் தேனையும் பாகையும் சர்க்கரையோடு சேர்த்தே எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இவை எல்லாம் சேர்ந்து 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது அதன் கணக்கு.

ஆப்பிள் பையில் பெரிய சுமை சர்க்கரையே அல்ல. வழக்கமான 9 அங்குலத் தட்டுக்கு அடியிலும் மேலுமாக இரண்டு மாவு உறைகள். இரண்டுக்கும் சேர்த்து மைதா 310 கிராம், வெண்ணெய் 225 கிராம். உள்ளே ஆப்பிள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சர்க்கரை 150 கிராம். மொத்தம் 3900 கலோரிக்குப் பக்கம் வரும். அதில் 2700க்கு மேல் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிறது. எட்டுத் துண்டு போட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 490 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 14 கிராம். அந்தக் கொழுப்பை நாளொன்றுக்கு 22 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறோம். ஒரு துண்டிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது அடி மாவு. உள்ளே ஊறி நமுத்துப்போய், பலர் தட்டிலேயே ஒதுக்கிவிடும் பகுதியும் அதுதான். ஆழமான தட்டில் பழத்தை நிரப்பி மேலே மட்டும் மாவை மூடினால் யாருக்கும் குறையாகத் தெரியாது. மொறுமொறுப்பு எப்போதுமே மேல் மாவில்தான்.

“வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்?” என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாதியளவு, தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். சூரியகாந்தி போன்ற எண்ணெயில் அது குறைவுதான், ஆனால் கலோரி வெண்ணெயைவிடக் கூடும். அடுக்கும் வராது. வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. மாவுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் வெண்ணெய் ஓவனில் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்குகிறது. எண்ணெய் மாவு முழுதும் பரவி ஒட்டிக்கொள்வதால் கிடைப்பது உதிரும் பிஸ்கெட் பதம். நெய்யில் தண்ணீரே இல்லாததால் அதுவும் இந்த வேலைக்கு ஆகாது. நல்ல வெண்ணெயை அளவைக் குறைத்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

மேல் மாவுக்கு மைதா 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், ஐஸ் தண்ணீர் 45 முதல் 60 மில்லி. வெண்ணெயைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் பட்டாணி அளவுக்கு உடைத்தால் போதும். முழுதாகக் கரைந்துவிட்டால் அடுக்கு போச்சு. தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, அழுத்தினால் சேரும் அளவில் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் முறுகி, உருட்டும்போது மாவு சுருங்கும், வெந்தபின் கடினமாகும். சுற்றி மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோதுமைத் தவிடு தண்ணீரை மெதுவாகவே இழுக்கும் என்பதால் இந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். கோதுமை மாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவும் வேண்டாம். முழுக்கக் கோதுமையில் செய்தால் தட்டைக்கும் ரொட்டிக்கும் நடுவே ஏதோ ஒன்று வரும். ஆரோக்கியம் என்று சொல்லித்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

பழத்துக்கு வருவோம். கிரானி ஸ்மித், ஹனிகிரிஸ்ப், பிரேபர்ன் போன்றவை வெந்தாலும் உருவம் நிற்கும். மெக்கின்டாஷ் கூழாகிவிடும். 1.2 கிலோ, அதாவது ஆறேழு பழம் எடுத்து, பாதியின் தோலை மட்டும் சீவுங்கள். ஆப்பிளின் நார்ச்சத்தில் ஏறக்குறைய பாதி தோலோடு போய்விடுகிறது. தோல் இருக்கும் பழத்தை மட்டும் அரை சென்டிமீட்டருக்கு மெலிசாக நறுக்குங்கள், இல்லாவிட்டால் வாயில் தனியாகத் தட்டுப்படும். மற்றதை ஒரு சென்டிமீட்டராக நறுக்கலாம்.

சர்க்கரை 45 கிராம், உலர்திராட்சை 50 கிராம். திராட்சை புதுமையல்ல. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆப்பிள் பைக் குறிப்பில் சர்க்கரையே கிடையாது. அத்தி, உலர்திராட்சை, பேரிக்காய், மசாலா, நிறத்துக்குக் குங்குமப்பூ, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விடாதீர்கள். சர்க்கரை குறைந்த இடத்தில் இனிப்பை எடுத்துக் கொடுப்பது அதுதான்.

சர்க்கரையைக் குறைத்து வீட்டில் செய்பவர்களின் பை பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: ஒன்று தண்ணீராக ஓடும், அல்லது ஆப்பிள் குழைந்து, மேல் மாவுக்குக் கீழே பெரிய வெற்றிடம் விழும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பழத்தை முன்கூட்டியே மெல்லச் சூடாக்குவது. எல்லாவற்றையும் அகலப் பாத்திரத்தில் போட்டு மூடி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இடையிடையே கிளறுங்கள். கொதிக்கக் கூடாது. 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் பழத்துக்கு உறுதி தரும் பெக்டின் என்ற நார்ச்சத்து இறுகிக்கொள்கிறது. பிறகு ஓவனில் எவ்வளவு வெந்தாலும் துண்டு கரையாது. நேரே கொதிக்கவிட்டால் அந்த வாய்ப்பு தவறிவிடும். துண்டு வளைய வேண்டும், உடையக் கூடாது, அதுதான் பதம்.

வடிதட்டில் கொட்டிச் சாற்றைத் தனியாகப் பிடித்து ஆறவிடுங்கள். ஆறிய சாற்றில் 20 கிராம் சோள மாவைக் கரைத்துக் கொதிக்க வைத்துக் கெட்டியாக்கி, பழத்தோடு சேருங்கள். அமெரிக்கக் கடையில் வாங்க வேண்டியது கார்ன்ஸ்டார்ச். மஞ்சளாக ரவை போல இருக்கும் கார்ன்மீல் வேறு பொருள்.

பூரணம் முழுதாக ஆறிய பிறகே மாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் மாவு வேகும் முன்பே வெண்ணெய் உருகி, உறை தட்டுக்குள் சரியும். மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து மூடி, நாலைந்து இடத்தில் கீறி, மேலே பால் தடவி, 200 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். வெளிர் மஞ்சளில் எடுத்துவிடாதீர்கள். நன்றாகச் சிவந்து, கீறல் வழியே பூரணம் குமிழ்விட வேண்டும்.

இப்போது ஒரு பங்குக்குச் சுமார் 260 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு ஐந்தரை கிராம். சேர்த்த சர்க்கரை 19 கிராமிலிருந்து 6 கிராமுக்குள் இறங்கிவிட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அடி மாவு இல்லாததால் முக்கோணத் துண்டாக எழும்பாது. கரண்டியால் அள்ளித்தான் வைக்க வேண்டும்.

இதைச் சர்க்கரை நோயாளிகளுக்கான பை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பங்கில் இன்னும் 44 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கிறது, பாதி பழத்திலிருந்தே வருவது. அவர்களுக்கு அரைப் பங்கு போதும், அதையும் சோறு ரொட்டிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சைலிடால் போன்ற மாற்று இனிப்பைப் போட்டுக் கொண்டு போகாதீர்கள். அதிகமானால் வயிற்றைக் கலக்கும். விருந்து வீட்டில் நாய் இருந்து கீழே சிந்தியதை நக்கினால் சைலிடால் அதற்கு உயிராபத்து.

நேரமில்லை என்று கடையில் விற்கும் மாவு உறையை வாங்குபவர்கள் பொருள் பட்டியலைப் படியுங்கள். சிலவற்றில் லார்டு, அதாவது பன்றிக் கொழுப்பு இருக்கும். சைவர்களும் இஸ்லாமியரும் வரும் விருந்தில் இதைக் கவனிக்காவிட்டால் சங்கடம். நீங்களே செய்தாலும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காகக் கோதுமை, பால் சேர்ந்திருப்பதை ஒரு சீட்டில் எழுதித் தட்டருகே வைத்துவிடுங்கள்.

சூடு ஆறும் முன் டப்பாவில் இறுக மூடினால் ஆவி தங்கி மேல் மாவு நமுத்துவிடும். துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். ஆப்பிள் பை வெளியே ஒரு நாள் இருந்தாலும் கெடாது. முட்டையும் பாலும் சேர்ந்த பூசணிப் பை அப்படியல்ல, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். விருந்து வீட்டில் ஆப்பிள் பையைச் சூடாக்க ஓவனில் 175 டிகிரியில் 10 நிமிடம் போதும், மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். மேலே வைக்க வெனிலா ஐஸ்கிரீம் எடுக்கும் கையைத் தடுக்க முடியாதுதான். அரைக் கப் ஐஸ்கிரீம் 140 கலோரி என்பதால், கூடவே துணியில் வடிகட்டிய தயிரில் ஏலக்காய் போட்டு ஒரு கிண்ணம் கொண்டுபோய்ப் பைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஐஸ்கிரீம் வருவதற்கு முன்.